மாமாவுக்கு நான் படித்த செய்திகள்

காலையில் வரும் பத்திரிகையை உடனே கையில் எடுக்கக் கூடாது. மை ஈரமாக இருக்கும், விரலெல்லாம் கறுப்பாகிவிடும். சமையலறைக்கு அனுப்பி, மிதமான சூட்டில் ஒரு முறை இஸ்திரி போட்டு வாங்க வேண்டும். நீங்கள் பத்திரிகையிலேயே வேலை செய்கிறவர். ஆனாலும் உங்கள் சட்டைக் கைகளைப் பார்த்தால் இதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. பரவாயில்லை, உட்காருங்கள்.

இன்ஸ்பெக்டரிடம் நான் அதிகம் பேசவில்லை. மரியாதையான மனிதர்தான். ஆனால் அவர் எழுதிக்கொள்வது ஏதோ ஒரு அலமாரிக்குள் போய்ப் படுத்துவிடும். நீங்கள் எழுதுவதை வூஸ்டர் நகரம் முழுவதும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே படிக்கும். அதனால்தான் உங்களை வரச் சொன்னேன்.

என் பெயர் திர்சா கோப்ளி. திருமணம் ஆகவில்லை. ஆம்ப்ரோஸ் டக்வெல் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. கையுறைப் பட்டறை வைத்து நன்றாகச் சம்பாதித்தவர். ஒரு பெண்ணின் கையைத் தொட்டாலே அவளுக்கு எந்த அளவு கையுறை சேரும் என்று சொல்லிவிடுவார். கண்ணில் புரை விழுந்து பார்வை போன பிறகு பட்டறையை விற்றுவிட்டார். அவருடைய ஒரே மகள் லவினியா அவர் பேச்சை மீறி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு லிவர்பூலுக்குப் போய்விட்டாள். பத்திரிகை படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. அதற்காக என்னை வரவழைத்தார். மாடியில் ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை அவர் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகும் கௌரவம். ஏழை உறவுக்காரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா கெட்டவர் அல்ல. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. தோட்டத்துப் பின்சுவர் சாய்கிறது என்று ஒருநாள் சொன்னேன். "சுவராவது சாயறதாவது. போய் வேலையைப் பாரு," என்றார். சுவர் விழுந்தது. விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டது. வண்டி ஏதோ குடை சாய்ந்திருக்கும் என்றார். அந்த வாரக் கடைசியில் உள்ளூர்ப் பத்திரிகை, டக்வெல் இல்லத்துச் சுவர் இடிந்து ஒரு பன்றிக்குக் காயம் என்று இரண்டு வரி போட்டது. அதை நான் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "சுவர் விழுந்து கெடக்கு, வீட்ல ஒருத்தருக்காவது சொல்லணும்னு தோணலையா?" என்று கேட்டார்.

அன்று நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். அதைக் கெட்ட எண்ணத்தோடு புரிந்துகொள்ளவில்லை.

முதல் மாற்றம் கருணையால் செய்தது. பிரெஞ்சுக் கையுறைகள் வரியில்லாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அந்தச் செய்தி வரும்போதெல்லாம் மாமாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மேசையில் அடிப்பார். ஆத்திரப்பட விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அந்தப் பத்திகளை விட்டுவிட்டுப் படித்தேன். ஆனால் மாமா கெட்டிக்காரர். ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். "என்னம்மா, இன்னிக்கு உலகம் சுருங்கிப் போச்சா?" என்றார். எனவே விட்ட இடத்தில் எதையாவது வைத்து நிரப்ப வேண்டியதாயிற்று. பிரான்சில் ஆட்டுக்குட்டிகளுக்கு ஏதோ நோய் வந்து தோல் கிடைக்கவில்லை என்று படித்தேன். அவர் அன்று இரண்டாவது முறை சூப் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வயதானவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது தவறு என்று எந்தப் பாதிரியாரும் சொல்ல மாட்டார்.

அடுத்து, ஆசிரியருக்கு ஒரு கடிதம். பல குடும்பங்களில் ஏழை உறவினர்களைக் கணப்பு மூட்டாத அறையில் படுக்கவைக்கிறார்கள், இது கிறிஸ்தவ நாட்டுக்கு அழகல்ல என்று ஒரு பெரிய மனிதர் எழுதியதாக. பத்திரிகை நடையில் பேசுவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. 'நான்' என்று சொல்லும் இடத்திலெல்லாம் 'நாம்' என்று போட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மாமா சிறிது நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"திர்சா, உன் ரூம்ல கணப்பு மூட்டறாங்களா?"

"இல்லை மாமா."

"ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"சொல்லியிருக்கேன் மாமா. ஒவ்வொரு குளிருக்கும் சொன்னேன்."

"சொன்னியா? பாரு, பத்திரிகைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கு."

அன்று முதல் என் அறையில் நிலக்கரி எரிந்தது. பத்திரிகைகள் சமுதாயத்தைத் திருத்துகின்றன என்று நீங்கள் உங்கள் தலையங்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். அதை என் அளவுக்கு நேரில் கண்டவர்கள் குறைவு.

சமையல்காரி தபித்தாவைப் பற்றி இன்ஸ்பெக்டர் கேட்டார். வீட்டில் நெடுநாள் இருந்தவள். பத்திரிகைக்கு இஸ்திரி போடுவது அவள்தான். எனக்கு மட்டும் ஆறிப்போன கறியை அனுப்புவாள். அதைப்பற்றி நான் மாமாவிடம் முறையிட்டதில்லை, முறையிட்டுப் பயனில்லை. லீட்ஸ் நகரத்தில் ஒரு பழைய சமையல்காரி கண் தெரியாத எஜமானரின் கஞ்சியில் எலிப் பாஷாணத்தைச் சிறிது சிறிதாகக் கலந்துவந்தாள் என்று ஒருநாள் படித்தேன். அவ்வளவுதான். தபித்தாவின் பெயரை நான் சொல்லவே இல்லை. மாமா இரண்டு நாள் கஞ்சியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் என் முன்னால் வந்து நின்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. தெனமும் அந்தப் பேப்பரைத் தேச்சுக் குடுத்தேன், அதுல என்ன இருக்குன்னு தெரியாமலேயே. படிக்கத் தெரிஞ்சிருந்தா இன்னிக்கு நானே எடுத்துப் பார்த்திருப்பேன்," என்றாள். அந்த வயதில் அவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. ஏழைகள் விடுதியில் சேர்ந்து அங்கேயே இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஏழைகளுக்குக் கல்வி அவசியம் என்பதற்கு அவள் ஓர் உதாரணம்.

பர்மிங்ஹாமிலிருந்து வந்த கண் வைத்தியரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். புரையை அறுத்து எடுத்தால் ஒரு கண்ணிலாவது பார்வை திரும்பலாம் என்றார் அவர். மாமா சந்தோஷப்பட்டார். "முதல்ல எதைப் பாப்பேன் தெரியுமா? என் பத்திரிகையை. நீ படிக்கற வேகம் எனக்குப் பத்தலை," என்று என்னிடம் வேடிக்கையாகச் சொன்னார். அடுத்த வாரத்தில், அதே சிகிச்சைக்காக மேசையில் படுத்த ஒரு கனவான் மயக்கமருந்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியைப் படித்தேன். ஒன்று போதவில்லை, இரண்டு கனவான்கள் தேவைப்பட்டார்கள். கண் வைத்தியர் திரும்பிப் போய்விட்டார். உயிரைவிடக் கண் பெரிதல்ல என்று மாமாவே சொன்னார். நானும் ஆமோதித்தேன்.

மாட்டிக்கொள்வேன் என்ற பயம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். ஆரம்பத்தில் இருந்தது. பாதிரியார் கிரேல் வாராவாரம் தேநீருக்கு வருவார். எங்கள் பத்திரிகை மறுநாள் அவர் வீட்டுக்குத்தான் போகும், அவரும் அதைத்தான் படிக்கிறார். ஒருநாள் மாமா, "பிரதமர் ராஜினாமா பண்ணிட்டாரே, இனிமேலாவது கையுறைத் தொழிலுக்கு விடிவு வரும்," என்றார். அது நான் இட்டுக்கட்டிப் படித்தது. பாதிரியார் ஒரு கணம் விழித்தார். அப்படி எதையும் அவர் படித்திருக்க முடியாது. பிறகு தலையை ஆட்டி, "ஆமா ஆமா, படிச்சேன். எதிர்பார்த்ததுதானே," என்றார்.

அன்றோடு பயம் விட்டுப்போயிற்று. பத்திரிகையைப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கனவான் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

இனி லவினியாவின் விஷயம்.

அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அப்பாவுக்கு எழுதினாள். அந்தக் கடிதத்தை அவள் எழுதியபடியே அவருக்குப் படித்துக் காட்டினேன். என்னைப் பற்றி மோசமாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாமா அழுதார். கண் தெரியாதவர் அழும்போது பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பிறகு சொன்னார்: "அவளை இங்கேயே வந்துடச் சொல்லி எழுதும்மா. வாத்தியாரும் வரட்டும், போனாப் போறது. சின்ன வயசுல எனக்குப் பத்திரிகை படிச்சவ அவதானே. நீ பாவம், தொண்டை வத்தப் படிக்கறே. இனிமே அவ படிக்கட்டும். நீ ஓய்வா இரு."

அன்பாகத்தான் சொன்னார்.

நான் லவினியாவுக்கு எழுதவில்லை. அவள் திரும்பத் திரும்ப எழுதினாள், அவற்றைப் படித்துக் காட்டவில்லை. மாமா தினமும் தபால் வந்ததா என்று கேட்டார். எத்தனை நாள் ஒரு மனிதரைக் காக்க வைப்பது? அது கொடுமை. நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் மனம் ஆறிவிடும். அதனால் ஒரு திங்கட்கிழமை, லிவர்பூலில் ஒரு வாடகை வீடு தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள் என்று படித்தேன். பள்ளி ஆசிரியர் ஓர்ம், அவர் மனைவி, கைக்குழந்தை. ரயில் விபத்து என்றால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். பெரிய நகரத்தில் சின்னத் தீ, ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது. அதை எங்கே வைப்பது என்று யோசித்து, சந்தை நிலவரத்துக்கும் நாடக விமர்சனத்துக்கும் நடுவில் வைத்தேன்.

மாமா கத்தவில்லை. "இன்னொரு தடவை படி," என்றார். படித்தேன். ஒரு வார்த்தைகூட மாறாமல் படித்தேன், அதற்கு எனக்கு நல்ல ஞாபகசக்தி உண்டு. அதன்பின் அவர் மேலும் படிக்கச் சொல்லி நாடக விமர்சனம் முழுவதையும் கேட்டார். பாதிரியார் கிரேல் துக்கம் விசாரிக்க வந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் பத்திரிகையில பார்த்தேன் ஐயா. மனசு கலங்கிப் போச்சு," என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பாதிரியாரே இப்படி இருக்கிறாரே என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது.

இரண்டு வருடம் அமைதியாகப் போயிற்று. எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள் அவைதான். காலையில் நான் படிப்பேன், அவர் கேட்பார், நாங்கள் விவாதிப்போம். என் தலையங்கங்களை அவர் பாராட்டுவார். "இந்த ஆசிரியர் முன்னைவிட நல்லா எழுதறான். மனசுல பட்டதைச் சொல்றான்," என்பார். என்னைப் பற்றி யாரும் அதற்கு முன்பு அப்படிச் சொன்னதில்லை.

சென்ற பிப்ரவரியில் லவினியாவின் கடைசிக் கடிதம் வந்தது. பதில் வராததால் தானே நேரில் வருவதாகவும், முதலில் தனியாக வந்து அப்பாவைச் சமாதானப்படுத்திவிட்டுப் பிறகு குழந்தையைக் கூட்டி வருவதாகவும் எழுதியிருந்தாள். எனக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது. பழைய பத்திரிகைகளில் இறந்தவர்களின் பெயரைத் தேடிப் பிடித்து, கண் தெரியாத பெற்றோரிடம் போய் 'நான்தான் உங்கள் மகள்' என்று நடிக்கும் மோசக்காரிகள் பெருகிவிட்டார்கள் என்று முதல் நாள் செய்தியாகப் படித்தேன். இரண்டாம் நாள் அதையே தலையங்கமாக்கினேன். மூன்றாம் நாள் ஆசிரியருக்குக் கடிதங்கள், மொத்தம் நான்கு. ஒன்றில் மட்டும் அந்தப் பெண்களுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசினேன். நல்ல பத்திரிகை என்றால் மறுபக்கத்தையும் போட வேண்டும்.

அவள் வந்தாள். புது வேலைக்காரிக்கு அவளைத் தெரியாது, உள்ளே விட்டுவிட்டாள். லவினியா நனைந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவர் காலடியில் மண்டியிட்டாள்.

"அப்பா, நான்தான்ப்பா. லவி வந்திருக்கேன்."

மாமா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு லிவர்பூல்ல தீயில செத்துட்டா. பத்திரிகையில வந்தாச்சு."

"எந்தப் பத்திரிகைப்பா? உயிரோட உங்க முன்னாடி இருக்கேன். என் குரல்கூடவா மறந்துபோச்சு?"

"குரலையெல்லாம் பழகிட்டுத்தான் வருவாங்களாம். அதுவும் போட்டிருந்தான்." பிறகு, "கையைக் குடு," என்றார்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைக் கொடுத்தாள். மாமா கட்டைவிரலால் அவள் உள்ளங்கையைக் குறுக்காக அளந்தார். பிறகு ஒவ்வொரு விரலாக, அடியிலிருந்து நுனிவரை. பட்டறையில் அவர் அளந்ததை நான் பார்த்ததில்லை, இப்படித்தான் அளந்திருப்பார் என்று நினைத்தேன். "ஆறேகால்," என்றார். சுண்டுவிரலுக்கு வந்தபோது அவர் கை நின்றுவிட்டது. லவினியாவின் சுண்டுவிரல் பிறவியிலேயே லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவின் மேலேயே அவர் விரல் போய்ப் போய் வந்தது. அவர் வாய் திறந்தது. நான் ஜன்னலோரத்தில் என் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒப்புக்கொள்கிறேன், அந்த நேரத்தில் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாமா அவள் கையை விட்டார்.

"விரல்வரைக்கும் ஒத்துப்போற மாதிரி தேடிப் பிடிச்சிருக்காங்க," என்றார். "கெட்டிக்காரங்கதான். திர்சா, இந்தம்மாவை வெளியே அனுப்பு."

லவினியா என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சிறுமிகளாக ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறோம். "திர்சா, நீயாவது சொல்லேன். நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"ஐயாவுக்கு உடம்பு சரியில்லம்மா," என்றேன். "நீங்க யாரோ என்னவோ. தயவுசெஞ்சு கிளம்புங்க."

அவள் கையுறையை மாட்டிக்கொள்ளாமலே போனாள். செவர்ன் நதி அன்று கரைமேல் ஓடிக்கொண்டிருந்தது. ரயிலடிக்கு ஆற்றங்கரைப் பாதை குறுக்குவழி, ஊர்க்காரர்கள் யாரும் வெள்ளத்தில் அந்தப் பாதையில் போகமாட்டார்கள். அவளும் ஊர்க்காரிதான். விபத்து என்று விசாரணையில் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படித்தான் அச்சிலும் வந்திருக்கிறது, நான் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

மாமா அதற்குப் பிறகு சரியாக இல்லை. பத்திரிகை படிக்கும்போது கவனம் இல்லை. கட்டைவிரலை மற்ற விரல்களில் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் இந்தியாவில் ஒரு கலகத்தையே அடக்கிக் காட்டினேன், அவர் ஒன்றும் கேட்கவில்லை. "திர்சா, அந்தப் பொண்ணு எங்கே தங்கியிருக்கான்னு விசாரி. மோசக்காரியாவே இருக்கட்டும். கேட்டதைக் குடுத்துடலாம். அந்தக் கையை இன்னொரு தடவை தொட்டுப் பாக்கணும்," என்றார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் இதைச் சொன்னார். பத்திரிகைக்கு நடுவே அவர் என்னைப் படிக்கவிடாமல் நிறுத்தியது அதுவே முதல் தடவை.

அந்த வாரம் உங்கள் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. நீங்கள் எழுதியதுதான் என்று நினைக்கிறேன். ஆற்றில் கண்டெடுக்கப்பட்ட பெண், லிவர்பூலைச் சேர்ந்த திருமதி லவினியா ஓர்ம் என்றும், இந்நகரத்து முன்னாள் கையுறை உற்பத்தியாளர் ஆம்ப்ரோஸ் டக்வெல்லின் ஒரே மகள் என்றும், தந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்தார் என்றும், இரண்டு வயதுக் குழந்தையை விட்டுச் சென்றிருக்கிறார் என்றும். தெளிவான நடை.

அதை நான் விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். ஆனால் அவர் என்னைக் கவனிக்கவேண்டும். அதைவிட, உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது என்று பட்டது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் படித்தேன்.

அவர் முகம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"இதைத்தான் முன்னாடியே போட்டானே," என்றார். "ஒரே ஆள் ரெண்டு தடவை எப்படிம்மா சாவா?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா? பத்திரிகையில இருக்கறதைப் படிச்சேன்."

"பேப்பரை என் கையில குடு. அந்த வரி எங்கே இருக்கு?"

அவர் விரலைப் பிடித்துச் சரியான வரியில் வைத்தேன். அன்று ஏமாற்றவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அந்த வரியின் மேல் விரலை வைத்தபடியே அவர் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். சூப் வந்தது, போயிற்று. பிறகு கேட்டார்: "அப்போ வந்தவ யாரு, திர்சா?"

அவர் என்னிடம் கேள்வி கேட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார். பத்திரிகையிடம் அல்ல, என்னிடம். ஆகவே நான் சொன்னேன். தீ இல்லை, லிவர்பூல் செய்தி இல்லை, மோசக்காரிகள் இல்லை, வந்தது லவினியாதான் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் சொந்தக் குரலில் சொன்னேன். அவர் நம்பினார்.

மறுநாளிலிருந்து பத்திரிகை வேண்டாம் என்றுவிட்டார். சாப்பாடும் வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விட்டார். இதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். லவினியாவின் கணவர் வந்து பாதிரியார் கிரேலிடம் விசாரித்தபோதுதான், தாம் அந்தத் தீ விபத்துச் செய்தியைப் படிக்கவே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டாராம். கொஞ்சம் முன்னாலேயே அதைச் சொல்லியிருக்கலாம்.

மகள் தீயில் இறந்துவிட்டாள் என்று நம்பி மாமா எழுதிய உயிலின்படி வீடு மருத்துவமனைக்குப் போகிறது, எனக்கு ஒன்றும் இல்லை. ஆகவே பணத்துக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்மேல் வழக்குப் போடுவது என்று இன்ஸ்பெக்டருக்கு இன்னும் தெரியவில்லை, பாவம், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு உதவியாக இருக்கட்டும், நீங்களே போட்டுவிடுங்கள்: தபித்தாவைத் துரத்தியது நான், மாமாவைக் குருடராகவே வைத்திருந்தது நான், லவினியாவை இரண்டு முறை கொன்றதும் நான், மாமாவைக் கொன்றதும் நான்.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். லவினியா அந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தால் தினமும் அவருக்குப் பத்திரிகையை அச்சிட்டபடியே படித்திருப்பாள். அந்த மனிதரின் இதயம் அதைத் தாங்கியிருக்காது.